கல் வண்டைச் சுற்றியவன்

கர்னாக் கோயிலின் தூண் மண்டபத்தில், ஃபிக்ரி தன் உரையின் மிகச் சோகமான கட்டத்தில் இருந்தபோது அவனுடைய கூட்டம் சிரித்தது.

கல் சுமந்தே முதுகெலும்பு தேய்ந்து இளவயதில் செத்துப்போன கூலியாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருடமாக இதே தூணுக்குக் கீழே நின்று இதே கதையைச் சொல்கிறான். வழக்கமாக இந்த இடத்தில் சீமாட்டிகள் கைப்பையைத் திறந்து கைக்குட்டை தேடுவார்கள். இன்று நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஒரு வழுக்கைத்தலையர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஃபிக்ரி நைசாகக் குனிந்து தன் கால்சட்டை ஜிப்பைப் பார்த்தான். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

பிறகுதான் அந்த எண் கண்ணில் பட்டது.

ஒவ்வொரு பயணியின் கழுத்திலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெட்டி தொங்கும். அதிலிருந்து ஒரு கம்பி காதுக்குப் போகும். வழிகாட்டி இடுப்பில் ஒரு பெட்டியை மாட்டி, காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு மெல்லப் பேசினால் போதும். மண்டபத்தில் பத்துக் கூட்டம் ஒரே நேரத்தில் இரைந்தாலும் அவரவர் காதில் அவரவர் வழிகாட்டியின் குரல் மட்டும் கேட்கும். ஃபிக்ரியின் கூட்டத்துக்குச் சேனல் நாலு. இன்னொரு பஸ்ஸில் வந்த கூட்டத்துக்குச் சேனல் ஏழு. இப்போது அந்த வழுக்கைத்தலையரின் பெட்டியில் ஏழு எரிந்தது. அவர் மனைவி பெட்டியிலும் ஏழு. எண்ணிப் பார்த்தான். இருபத்தாறு பேரில் பதினொரு பேர் அவன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வேறொருத்தர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினொரு பேரில், கூட்டத்தையே அழைத்து வந்த மிஸஸ் தோர்னும் ஒருவர். ஃபிக்ரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஏழாம் சேனலில் பேசுவது அவன் மனைவி எனாயாத்.

வேறு எந்த வழிகாட்டியாக இருந்திருந்தாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் எனாயாத்திடம் திட்டித் தீர்த்திருக்கலாம். எனாயாத்தைப் பற்றி எனாயாத்திடமே எப்படித் திட்டுவது?

இருவரும் ஒரே வருடம் உரிமம் வாங்கியவர்கள். பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. அவளுக்குத்தான் மதிப்பெண் அதிகம் என்பதை இரண்டு குடும்பத்திலும் யாரும் பேசுவதில்லை. இரட்டைப் பெண்கள் பிறந்ததும் அவள் வீட்டோடு இருந்துவிட்டாள். பதினான்கு வருடம். போன வருடம் ஃபிக்ரிதான் பெரிய மனது பண்ணி, "மூளை துருப்பிடிச்சிடும், கிளம்பி வா" என்று வேலைக்கு அழைத்து வந்தான். பாடமும் அவனே எடுத்தான்.

"கதை சொன்னா அதுல ஒரு செருப்பு வை, எனாயாத். ராஜா செத்துட்டான்னு சொன்னா எவனுக்கும் ஒண்ணும் ஆகாது. ராஜாவோட செருப்பு வார் அறுந்திருந்துச்சுன்னு சொல்லு. ஓன்னு அழுவானுங்க" என்றான். அவள் தலையை ஆட்டி நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்போது அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது அந்த நோட்டைத் தூக்கி நைலில் போட வேண்டும் போலிருந்தது.

மிஸஸ் தோர்ன் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் அருங்காட்சியக நண்பர்கள் சங்கத்துக்குச் செயலாளர். வருடத்துக்கு ஒருமுறை அந்தச் சங்கம் பன்னிரண்டு நாள் பயணம் வரும். கெய்ரோ அருங்காட்சியகத்தில் தொடங்கி தெற்குக் கோடியில் அபு சிம்பல் கோயில் வரைக்கும் ஒரே வழிகாட்டிதான் கூடவே போவார். ஏழு வருடமாக அது ஃபிக்ரி. படித்த கூட்டம், கேள்வி கேட்கிற கூட்டம், சொன்னதை எழுதிக்கொள்கிற கூட்டம். இந்த வருடம் ஆள் கூடி இரண்டு பஸ் ஆகிவிட்டதால் எனாயாத்தும் வந்தாள். அடுத்த வருடம் பழையபடி ஒரே பஸ். யாரை அழைப்பது என்பதை இன்று தேநீருக்குப் பிறகு சொல்வதாக மிஸஸ் தோர்ன் அறிவித்திருந்தார். அது கைவிட்டுப் போனால் ஃபிக்ரிக்கு மிச்சம் செங்கடல் கரை ஓட்டல்களிலிருந்து ஒரு நாளைக்கு வந்துபோகும் கூட்டங்கள்தான். நீச்சல் உடைக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, மூவாயிரம் வருடத்துக் கோபுர வாசலில் நின்று, கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்பார்கள்.

இதில் அவனுடைய இடது முழங்கால் வேறு. ஒரு வருடமாக உள்ளே ஏதோ உரசுகிறது. வழிகாட்டிகள் கல்லறைக்குள் பேசக் கூடாது என்பது அரசர் பள்ளத்தாக்கின் விதி. வெளியில் நின்று விளக்கிவிட்டு ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடலாம். அந்த விதியைப் போட்ட புண்ணியவான் ஃபிக்ரியின் பிழைப்பைக் காப்பாற்றி வந்தான். முழங்கால் விஷயம் கம்பெனிக்குத் தெரியாது. கூட வேலை செய்கிறவர்களுக்கும் தெரியாது. எனாயாத்துக்கு மட்டும் தெரியும். தினமும் சூடாக்கிய எண்ணெயைத் தேய்த்துவிடுவது அவள்தான்.

"இருபது நிமிஷம் போட்டோ எடுத்துக்குங்க" என்று தன் கூட்டத்தைக் கலைத்துவிட்டான் ஃபிக்ரி. அவர்கள் தூண்களுக்கு நடுவே சிதறினார்கள். வழிகாட்டியின் பையில் உபரியாக இரண்டு பெட்டி எப்போதும் இருக்கும். அதில் ஒன்றை எடுத்தான். கம்பியைச் சட்டைக்குள்ளே விட்டு, தலையில் கட்டியிருந்த துணிக்கு அடியில் காதில் செருகிக்கொண்டு, ஏழுக்குத் திருப்பினான். திருடப்போகிறவன்கூட இவ்வளவு முன்னும் பின்னும் பார்த்திருக்க மாட்டான். அந்த அவசரத்தில் ஒன்றை மறந்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனாயாத்தின் கூட்டம் புனிதக் குளத்துக்குப் பக்கத்தில், கல் வண்டின் முன்னால் நின்றது. உயரமான பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கருங்கல் வண்டை மூன்று தடவை சுற்றினால் அதிர்ஷ்டம், ஏழு தடவை சுற்றினால் கல்யாணம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எந்தக் கல்வெட்டிலும் அப்படி இல்லை. ஃபிக்ரிக்கும் இங்கே ஒரு வசனம் உண்டு. "மாணவனா இருந்தப்போ இதை ஏழு சுத்து சுத்தினேன். எட்டாம் நாள் அவ சரின்னுட்டா" என்பான். பெண்களெல்லாம் 'அடடா' என்பார்கள். உண்மையில் அந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தது ஸோஹாக் ஊரின் இரண்டு அத்தைகளும் ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்பும். வகுப்பில் அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏழாம் சேனல் கரகரத்துத் தெளிந்தது. எனாயாத்தின் குரல் காதுக்குள் வந்தது. வீட்டில் அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை.

"அப்ப எங்களுக்கு இருபது வயசு. ஜூலை மாசம், நல்ல வெயில். வகுப்போட வந்திருந்தோம். எல்லாரும் நிழலுக்கு ஓடிட்டாங்க. ஒருத்தன் மட்டும் போகல. ஒல்லியா இருப்பான், கழுத்துதான் நீளம். தனியா இந்த வண்டைச் சுத்த ஆரம்பிச்சான். வெறுங்கால். ஷூ ரெண்டையும் கையில பிடிச்சிருந்தான். ஏன்னா அது அவன் அண்ணனோட ஷூ. தேஞ்சுதுன்னா வீட்டுல அடி விழும்."

கூட்டம் சிரித்தது.

"கல்லு அடுப்பு மாதிரி கொதிக்குது. ஒவ்வொரு அடிக்கும் குதிச்சுக் குதிச்சுப் போறான். நான் குளத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பி நின்னுக்கிட்டேன். ஆனா எண்ணிட்டேதான் இருந்தேன். ஏழு."

ஒரு பெண்மணி ஏதோ கேட்டது மைக்கில் லேசாக விழுந்தது. அவனையா கட்டிக்கிட்டீங்க என்று கேட்கிறாள்.

"இல்லைங்க" என்றாள் எனாயாத். "நான் கட்டிக்கிட்டவர் எனக்காக இந்த வண்டை ஒரு தடவைகூடச் சுத்தினதில்ல."

ஃபிக்ரிக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை எரிந்தது வெறும் தொழில் பொறாமை. அது பக்கத்து அடுப்புக்கும் பரவிவிட்டது. யார் அவன்? வகுப்பில் இருந்த ஆண்பிள்ளைகளை ஒவ்வொருவனாக மனதில் நிறுத்திக் கழுத்தைப் பார்த்தான். நஸ்மி! நஸ்மிக்கு நீளக் கழுத்து. நஸ்மிக்கு அண்ணனும் உண்டு. அவளுக்கு நோட்டு கொடுத்து வாங்குவான். இப்போது அலெக்ஸாண்ட்ரியாவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். போன வருடம் லக்ஸருக்குக் குடும்பத்தோடு வந்தபோது ஃபிக்ரி வீட்டிலேயே உட்கார்ந்து, ஃபிக்ரி உரித்துக் கொடுத்த மாம்பழத்தைத் தின்றுவிட்டுப் போனானே பாவி! பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல், வந்து நாலு நாள் ஆன அந்நியர்களிடம் மைக் போட்டுச் சொல்கிறாள்.

குளக்கரைத் தேநீர்க் கடையில் ஷஹாத்தா உட்கார்ந்திருந்தான். ஸ்பானிஷ் பேசும் கூட்டங்களுக்கு வழிகாட்டி. அடுத்தவன் புண்ணைக் கண்டால் விரலை விட்டுப் பார்க்காமல் போக மாட்டான்.

"உட்காருங்க உஸ்தாஸ். மூஞ்சி ஏன் மம்மி மாதிரி இருக்கு?" என்றான். "மதாம் எனாயாத் கூட்டத்தைப் பார்த்தீங்களா, குழந்தைங்க மாதிரி வட்டம் போடுதுங்க! உங்க கூட்டத்துலேர்ந்து நாலஞ்சு பேர் அங்கதான் நிக்கறாங்கபோல."

"போட்டோ எடுக்கப் போயிருக்காங்க."

"ஆமாமா. காதால எடுக்கறாங்க." ஷஹாத்தா தேநீரில் புதினாவைக் கிள்ளிப் போட்டான். "அந்த ஆங்கிலேய அம்மா இன்னிக்குத்தானே சொல்லணும்? அடுத்த வருஷம் மதாம் அபு சிம்பல் போயிட்டா, வீட்டுல மொலோகியா கீரை யாரு கடையறது? நீங்களா?"

அதில்தான் ஃபிக்ரி வெடித்தான்.

"எவ போறா? அந்தம்மா முதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம முடிவு பண்ண மாட்டா. கேட்டா என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்" என்றான் ஃபிக்ரி. "எனாயாத்துக்கு முழங்கால் சரியில்ல, பன்னெண்டு நாள் தாங்க மாட்டான்னு சொல்லிடுவேன். பெண்களுக்குப் பரீட்சை, தாய் பக்கத்துல இருக்கணும்னு சொல்லுவேன். முடிஞ்சு போச்சு. ரெண்டு வருஷம் ஆகல, அதுக்குள்ள எனக்கே குழி வெட்டுறா. நானாச்சு, அவளாச்சு, அவளைத் திரும்ப அடுப்படியில உட்கார வைக்கல, என் பேரு ஃபிக்ரி இல்ல."

ஷஹாத்தா சிரிக்கவில்லை. அவன் பார்வை ஃபிக்ரியின் இடுப்பில் இருந்தது.

குளக்கரையில் நின்ற ஃபிக்ரியின் பயணிகள் சிலர் காதைத் தொட்டுக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

அப்போது ஃபிக்ரியின் காதுக்குள், ஏழாம் சேனலில், அரபியில், நிதானமாக ஒரு குரல் வந்தது.

"ஃபிக்ரி. உன் மைக் எரியுது."

குனிந்தான். இடுப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. தேநீருக்கு முன்னால், கழிப்பறைக்கு முன்னால், சிகரெட்டுக்கு முன்னால் மைக்கை அணைப்பது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். எனாயாத்துக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். காதுக்குள் திருட்டுக் கம்பியை மறைக்கிற அவசரத்தில் அதைத்தான் மறந்திருந்தான்.

ஷஹாத்தா தன் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தான். காது கேட்கிற தூரத்துக்குத்தான்.

"உனக்கு எப்படிக் கேட்டுச்சு?" என்றான் ஃபிக்ரி, தன் காலரைப் பார்த்து.

"ஒரு காது எப்பவும் நாலாம் சேனல்லதான் இருக்கும். போன வருஷத்துலேர்ந்து." கல் வண்டுக்குப் பக்கத்தில் அவள் நிமிர்ந்து நின்றாள். ஐம்பது அடி தூரம் இருக்கும். அவனைப் பார்க்கவில்லை.

"என்னை வேவு பார்க்கறியா?"

"நீ காதுல என்ன, மல்லிப்பூவா செருகியிருக்கே?"

ஆங்கிலேயர்கள் நல்ல வளர்ப்பு. ஒருவரும் கம்பியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் இது என்ன என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நாலில் ஒரு சத்தம், ஏழில் ஒரு சத்தம் என்று கண்டுபிடித்து, பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினார்கள். ஒரு தம்பதி தமக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள்: கணவர் நாலு, மனைவி ஏழு. அவன் பேசும்போது அவர் தலையாட்டினார். அவள் பேசும்போது மனைவி அவரை முறைத்தாள்.

"யாரு அவன்?" என்றான் ஃபிக்ரி.

"எவன்?"

"ஷூவைக் கையில பிடிச்சவன். நஸ்மிதானே?"

ஏழாம் சேனலில் அடக்க முடியாத சிரிப்பு வந்தது. காரணம் தெரியாமலே அவள் கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

"நஸ்மியா? அந்தக் கண்ணாடிக்கடை நஸ்மியா? ஏன் ஃபிக்ரி, தினம் தினம் இந்த வண்டுகிட்ட நின்னு, ஏழு சுத்து சுத்தினேன், எட்டாம் நாள் சரின்னுட்டான்னு புளுகறது யாரு? நஸ்மியா?"

ஃபிக்ரி காதுக் கம்பியை இன்னும் உள்ளே அழுத்தினான். அவள் விடவில்லை.

"நூறு தடவை கேட்டிருக்கேன் நாலாம் சேனல்ல. கேட்டுக் கேட்டு எனக்கே அந்தப் பையன் மேல ஆசை வந்துடுச்சு. பாவம், சும்மா வெறுமனே சுத்திட்டிருந்தான், நான்தான் ஒரு ஷூ வாங்கிக் குடுத்தேன். கதைன்னா ஒரு செருப்பு வைன்னு எழுதிக்கச் சொன்னது நீதானே? உன் பாடத்துக்கு நீயே விழுந்திருக்கே."

இருபத்திரண்டு வருடம் பொய்க் கதை விற்றவன், தன் சரக்கையே விலை கொடுத்து வாங்கியிருக்கிறான். ஷஹாத்தா மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினான்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "முழங்கால் கதை நல்லா சொன்னே" என்றாள். "அதுல செருப்பே தேவைப்படல. தினம் யாரு முழங்காலுக்கு நான் எண்ணெய் தேய்க்கறேன், ஃபிக்ரி? என் முழங்காலுக்கா? முந்தாநாள் அந்தம்மா எங்கிட்ட கேட்டாங்க. உங்க வீட்டுக்காரர் பஸ் படியில ஏன் தயங்கித் தயங்கி இறங்கறார்னு கேட்டாங்க. புது ஷூ கடிக்குதுன்னு சொன்னேன். எனக்கு அந்தப் பயணம் வேணும். ரொம்ப வேணும். அதுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லலை. நீ அடுப்படின்னு சொன்னியே, அங்கதான் பதினாலு வருஷம் இருந்தேன். வழி எனக்குத் தெரியும். நீ கொண்டுபோய் விட வேண்டியதில்ல."

பிறகு ஆங்கிலத்தில், "மன்னிக்கணும், வீட்டு விஷயம். எல்லாரும் குளத்துப் பக்கம் வாங்க" என்றாள்.

ஃபிக்ரி உட்கார்ந்தே இருந்தான். தேநீர் ஆறியது. வெட்கமாக இருந்தது, அதைவிட மோசம், இன்னும் பொறாமையாகவும் இருந்தது. அவள் கையில் கத்தி இருந்திருக்கிறது. இரண்டு நாளாக அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அவனுக்காகப் பொய் சொல்லிவிட்டு, ராத்திரி வந்து எண்ணெயும் தேய்த்திருக்கிறாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சற்று முன்னால் அதை ஊருக்கே ஒலிபரப்பியிருந்தான்.

மிஸஸ் தோர்ன் வந்து எதிரில் உட்கார்ந்தார். கழுத்துப் பெட்டியை மரியாதையாக நாலுக்கு மாற்றியிருந்தார்.

"உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு நினைச்சேன், ஃபிக்ரி" என்றார். "காலையில நான் ஏழாம் சேனலைக் கேட்டதை நீங்க பார்த்துட்டீங்க. ஒளிச்சுப் பிரயோஜனம் இல்ல. அவங்க பேச்சு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டாவது வருஷம்தான். பன்னெண்டு நாள்ங்கறது நீண்ட பயணம். அவங்களைப் பத்தி எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா? உங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?" பிறகு அவர் பார்வை கீழே போனது. "ஷூ இன்னும் கடிக்குதா?"

எதிர்பார்த்தபடியே கேட்டுவிட்டார். அவன் ஒத்திகை பார்த்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஃபிக்ரியின் கை இடுப்புப் பெட்டிக்குப் போனது. சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பொத்தானின் மேல் விரலை வைத்தான். எடுத்துவிட்டான்.

"ஷூ இல்லைங்க மேடம். முழங்கால்" என்றான் ஆங்கிலத்தில், மைக்குக்கு நேராக. "என்னோடது. ஒரு வருஷமா இப்படித்தான். கம்பெனிகிட்ட மறைச்சிருக்கேன். எனாயாத் முழங்காலுக்கு ஒரு குறையும் இல்ல. அவ அபு சிம்பல் வரைக்கும் நடந்தே போவா. வகுப்புல என்னைவிட மார்க்கும் அதிகம்."

கடைசி வாக்கியத்தை அவன் சொல்ல நினைக்கவில்லை. அதுவாக வந்துவிட்டது.

மிஸஸ் தோர்ன் அவன் முழங்காலை ஒருமுறை பார்த்தார். "அப்படின்னா அடுத்த வருஷம் அவங்கதான்" என்றார். அவன் கையை ஒருமுறை தொட்டுவிட்டு எழுந்தார். போகும்போது பெட்டியை மறுபடி ஏழுக்குத் திருப்பிக்கொண்டார். இதை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய்ச் செய்திருக்கலாம்.

எல்லாம் போயிற்று. ஏழு வருடத்துப் பயணம், அபு சிம்பல் விடியல், நோட்டில் எழுதிக்கொள்கிற மனிதர்கள். நெஞ்சு எரியத்தான் செய்தது. நல்லது செய்தால் மனசு லேசாகிவிடும் என்று சொல்கிறவர்களை இந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.

ஷஹாத்தா ஒரு புதுத் தேநீரை அவன் முன்னால் தள்ளினான். "குடிங்க உஸ்தாஸ்" என்றான். இந்த முறை வாயில் வேறு ஒன்றும் வரவில்லை.

தன் கூட்டத்தை இன்னும் கல் வண்டுக்கு அழைத்துப் போகவில்லை என்பது ஃபிக்ரிக்கு ஞாபகம் வந்தது. எழ நினைத்தான். முழங்கால் இன்றைக்கு நிறைய வேலை செய்துவிட்டது. "நாலாம் சேனல்காரங்க எல்லாரும் ஏழுக்கு மாத்திக்குங்க. மீதியை அவங்க சொல்லுவாங்க" என்று மைக்கில் சொன்னான். பிறகு அணைத்தான். விளக்கு அணைந்ததா என்று இரண்டு தடவை பார்த்தான்.

இருபத்தாறு பேரும் குளக்கரையோரமாகப் போய் எனாயாத்தின் கூட்டத்தோடு கலந்தார்கள். அவள் எல்லோரையும் வண்டைச் சுற்றி நிறுத்தினாள். ஃபிக்ரி துணிக்கு அடியில் இருந்த கம்பியை வெளியே எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி காதில் செருகிக்கொண்டான்.

புதிதாக வந்தவர்களுக்காக அவள் கதையை முதலிலிருந்து சொன்னாள். ஜூலை மாதம், நல்ல வெயில், ஒல்லிப் பையன். அண்ணன் ஷூ. இந்தத் தடவை நாலாவது சுற்றில் ஒரு ஷூ கை தவறிக் கீழே விழுந்தது. அதை எடுக்க அவன் திரும்பி ஓடினான். நல்ல இடம் அது. அவனாலேயே அப்படி ஒரு இடத்தை யோசித்திருக்க முடியாது. ஐந்து, ஆறு, ஏழு என்று அவள் எண்ணி முடித்தாள்.

ஃபிக்ரி கூட்டத்து வழுக்கைத்தலையர்தான் கேட்டார். "அவரையா கட்டிக்கிட்டீங்க?"

காதுக்குள் எனாயாத் மூச்சு விடுவதுகூட ஃபிக்ரிக்குக் கேட்டது. அவன் தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆமா" என்றாள். "அவரைத்தான். அதோ, டீக்கடையில முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

ஐம்பது தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. ஃபிக்ரி என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். கை தட்டினார்கள். எனாயாத்தும் இந்தப் பக்கம் பார்த்தாள், இன்று காலையிலிருந்து முதல் தடவையாக.

அவனும் சிரித்துவைத்தான். ஆனால் ஒன்று உள்ளே அப்படியே இருந்தது. கொதிக்கிற கல்லில் வெறுங்காலோடு ஏழு சுற்று சுற்றிவந்த அந்த நீளக் கழுத்துப் பயல், அவள் குளத்தைப் பார்ப்பதுபோல் நின்று ஒவ்வொரு சுற்றாக எண்ணிய அந்தப் பயல், தானாக இருந்திருக்கக் கூடாதா என்று அவனுக்குப் பொறாமையாக இருந்தது.